மொடியூலுக்குக் கேட்காத அடிகள்

1. நான் சொன்ன தீர்ப்பு

ஒரு சனிக்கிழமை காலை பதினொரு மணியளவில், ஜெரோம் என்ற ட்ரம்மருக்கு இடதுகை போய்விட்டது என்று நான் தீர்ப்புச் சொன்னேன். கேட்டது அவருடைய மச்சான், அவர் வாசிக்கிற இசைக்குழுவின் தலைவர் பெனடிக்ட். சொன்னது நான். வெள்ளவத்தையில் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒலிப்பதிவு செய்கிறவள். என் காதில் பிழை இருக்காது என்று மற்றவர்கள் சொல்லிச் சொல்லி, நானும் அதை நம்பத் தொடங்கியிருந்த காலம்.

தீர்ப்பு பிழை. எப்படிப் பிழைத்தது என்பதை, இந்தத் தொழிலுக்கு இப்போது வருகிற பிள்ளைகளுக்காக எழுதி வைக்கிறேன். என்னைக் காப்பாற்றி எழுதப் போவதில்லை. என் பெயர் சாந்தி. பெயருக்கும் குணத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று என்னோடு வேலை செய்த எல்லாரும் சொல்வார்கள்.

2. பெட்டி வந்த கதை

எங்கள் ஸ்டூடியோ காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றின் கடைசியில் இருக்கிறது. அதற்கப்பால் ரயில் பாதை, அதற்கப்பால் கடல். கடற்காற்றில் மைக் வயர்கள் துருப்பிடிக்கும். அதைக்கூடச் சமாளிக்கலாம், ரயிலைச் சமாளிக்க முடியாது. சுவருக்கு எத்தனை பஞ்சு அடித்தாலும் தரை அதிரும். அதனால் ரயில் வரும் நேரங்களை எழுதிக் கதவில் ஒட்டியிருந்தோம். பாடகர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், ரயில் நேரம் வந்தால் வாயை மூடிக்கொண்டு பிளேன்டீ குடிக்க வேண்டியதுதான்.

இன்னொரு குறை, அறை சிறியது. அதற்குள் ட்ரம்ஸ் அடித்தால் தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்கியது போலக் கேட்கும். காலால் மிதித்து அடிக்கிற பெரிய கிக் ட்ரம்மில் அடிவயிற்றுச் சத்தமே வராது. எட்டு மைக் வைத்துப் பார்த்தேன், ட்ரம்முக்குள் தலையணை திணித்துப் பார்த்தேன். நல்ல ட்ரம்மர்கள் கொள்ளுப்பிட்டிப் பக்கம் உள்ள பெரிய ஸ்டூடியோக்களுக்குப் போய்விடுவார்கள். எனக்கு எரிச்சல் எரிச்சலாக வரும்.

அப்போதுதான் ஹைபிரிட் மொடியூல் என்ற பெட்டி ஒன்றை வாங்கினேன். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். இது எலெக்ட்ரொனிக் ட்ரம்ஸ் அல்ல. உண்மையான தோல் ட்ரம்ஸையே அடிக்க வேண்டும். கிக் ட்ரம்மின் வளையத்தில் சின்னக் கருவி ஒன்றைக் கவ்வ வைப்போம். அதற்குள் இரண்டு மைக்கும், அதிர்வைப் பிடிக்கும் ட்ரிகர் ஒன்றும் இருக்கும். குச்சியால் அடிக்கிற ஸ்னேர் ட்ரம்மின் விளிம்பில் இன்னொரு ட்ரிகர். ஒவ்வொரு அடிக்கும் ட்ரிகர் மொடியூலுக்குச் செய்தி அனுப்ப, மொடியூல் தன்னிடமுள்ள பெரிய ட்ரம் சத்தம் ஒன்றை, அதாவது சாம்பிளை, உண்மை அடியோடு சேர்த்து விடும். இரண்டும் கலந்து யுஎஸ்பி வயர் வழியாகக் கொம்பியூட்டருக்குப் போகும்.

முதல் நாள் கேட்டபோது எனக்குத் தலைகால் தெரியவில்லை. அதே தகரப் பேணி அறை, அதே பழைய ட்ரம்ஸ், ஆனால் கிக் வந்து நெஞ்சில் இடித்தது. இனிமேல் ஒரு ட்ரம்மரும் கொள்ளுப்பிட்டிக்குப் போகத் தேவையில்லை என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் எடுத்துச் சொன்னேன்.

3. யாரும் அடிக்காத கிக்

மூன்றாம் நாள் பரிசோதனைப் பதிவு ஒன்றைப் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன். நடுவில் யாரும் அடிக்காத இடத்தில் கிக் விழுந்தது. கூடவே ஸ்னேரும் இரண்டு தரம். ட்ரம்ஸுக்குப் பக்கத்தில் ஒருவரும் இல்லாத நேரம் அது. பேய்க்குத் தாளம் தெரியாது என்று மட்டும் விளங்கியது.

பிறகு பிடிபட்டது. தெற்கே போகிற ரயில். தரை அதிர்ந்து கிக்கின் ட்ரிகரை எழுப்பியிருக்கிறது. ஸ்னேரின் அடியில் உள்ள கம்பிகள் அந்த அதிர்வில் தானாகவே சிலிர்த்து, அந்த ட்ரிகரையும் எழுப்பியிருக்கின்றன. மொடியூலைப் பொறுத்தவரை அதிர்வென்றால் அடி. அடித்தது ட்ரம்மரா இலங்கைப் புகையிரதமா என்று அதற்கு எப்படித் தெரியும்.

அதற்கு மருந்து மொடியூலுக்குள்ளேயே இருக்கிறது. திரெஷோல்ட் என்று ஒரு அளவு. எவ்வளவு பலமான அதிர்வு வந்தால் அதை அடி என்று எடுக்க வேண்டும் என்பதை அதில் சொல்லி வைக்கலாம். அதற்குக் கீழே வருவதையெல்லாம் மொடியூல் தள்ளிவிடும். நான் கிக்குக்கும் ஸ்னேருக்கும் அந்த அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். ரயில் வரும்வரை காத்திருந்து ஏற்றினேன், அடுத்த ரயிலுக்கும் காத்திருந்து ஏற்றினேன். நான்காவது ரயில் போனபோது பெட்டி வாயே திறக்கவில்லை. மைக்குகளில் ரயில் இரைச்சல் வராமலிருக்க அவற்றின் சத்தத்தையும் நன்றாகக் குறைத்து, சாம்பிளைக் கூட்டி வைத்தேன். அப்படியே சேமித்துவிட்டு, கதவில் ஒட்டியிருந்த ரயில் நேரங்களைக் கிழித்துக் குப்பையில் போட்டேன்.

அடுத்த சில வாரங்களில் வந்தவர்கள் எல்லாம் ரொக் அடிக்கிற பிள்ளைகள். ட்ரம்மோடு ஏதோ பழைய கோபம் இருப்பது போல அடிப்பார்கள். திரெஷோல்டை இன்னும் ஏற்றியிருந்தாலும் அவர்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. எல்லாப் பதிவும் அருமையாக வந்தது. நான் எதை எவ்வளவு ஏற்றினேன் என்பதையே மறந்து போனேன்.

4. ஜெரோமின் சனிக்கிழமை

பெனடிக்டின் குழு கொட்டாஞ்சேனைக் குழு. இருபது வருடமாகக் கலியாண வீடுகளில் வாசிக்கிறவர்கள். முதன்முதலாகச் சொந்தப் பாட்டுகள் ஆறை அல்பமாகப் போட வந்திருந்தார்கள். பெனடிக்ட் கீபோர்ட். ட்ரம்ஸ் ஜெரோம், பெனடிக்டின் தங்கை மேரியைக் கட்டியவர். ஐம்பதை நெருங்கிய, குறைவாகப் பேசுகிற மனிதர்.

ஆறு மாதத்துக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து ஜெரோமுக்கு இடது மணிக்கட்டு முறிந்திருந்தது. பிளாஸ்டர் வெட்டி, பயிற்சி செய்து, அன்றுதான் முதல் தடவையாகப் பதிவுக்கு உட்காருகிறார். கலியாணக் காலம் தொடங்க இருந்தது. ஜெரோம் தயாரில்லை என்றால் வத்தளையில் இன்னொரு ட்ரம்மர் தயாராக இருக்கிறார். அல்பத்தில் வாசிக்கிறவர்தான் கலியாணங்களுக்கும் வாசிப்பார் என்று குழுவில் முடிவாகியிருந்தது. இதை ஜெரோமே வந்தவுடன் என்னிடம் சொல்லிவிட்டார். மறைக்கத் தெரியாதவர்.

பாட்டுகள் எல்லாம், இங்கே கலியாண வீடுகளில் எல்லாரையும் ஆட வைக்கிற பைலாத் தாளம். பைலாவை ட்ரம்ஸில் அடிப்பதென்றால், பலமான அடிகளுக்கு நடுவே இடதுகைக் குச்சி ஸ்னேரில் மெல்ல மெல்லத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதை உள்ளடி என்போம், கேட்பவர்களுக்கு அது தனியாகத் தெரியாது. ஆனால் அது இல்லையென்றால் ஒருவருக்கும் கால் எழும்பாது. அந்த மெல்லிய அடிகளுக்கு ஜெரோம் பெயர் போனவர்.

முதல் டேக். மொனிட்டர் ஸ்பீக்கரில் பலமான அடிகள் பிரமாதமாக வருகின்றன, நடுவில் ஒன்றுமில்லை, வெறும் ஓட்டை. கண்ணாடிக்கு அப்பால் அவருடைய இடதுகை அசைவதைக் கண்டேன். கை அசைகிறது, ஆனால் பலமில்லை என்று எனக்கு நானே விளக்கமும் சொல்லிக்கொண்டேன். முப்பது வருட அனுபவத்தில் இப்படி விளக்கங்கள் உடனே வரும், அதுதான் கேடு.

உள்ளே இருப்பவரோடு பேசுகிற டோக்பேக் பொத்தானை அழுத்தி, ஜெரோம், இடதுகை வரவில்லை என்றேன்.

"எனக்கும் கேக்கல்லதான் அக்கா," என்றார்.

அவருடைய ஹெட்போனுக்கும் போவது மொடியூலின் சத்தம்தான். காதை இறுக்கி மூடுகிற ஹெட்போன், வெளிச்சத்தம் உள்ளே போகாது. தன் குச்சி தோலில் படுவது அவருக்கு விரலில் தெரிகிறது, காதில் தெரியவில்லை. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள். இன்னும் பலமாக அடித்தார். இரண்டாவது டேக்கில் ஒன்றிரண்டு அடி வந்தது, மூன்றாவதில் கொஞ்சம் கூட. ஆனால் மெல்லத் தட்ட வேண்டியதைப் பலமாகத் தட்டினால் தாளம் எப்படி நிற்கும். நான்காவதில் தடுமாறினார். ஐந்தாவதில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. குச்சியைக் கீழே வைத்துவிட்டு இடதுகையை மடியில் போட்டுக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னோடு இருந்து கேட்டுக்கொண்டிருந்த பெனடிக்ட் கதவைச் சாத்திவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, எனக்கு மேரிக்கிட்ட பதில் சொல்லணும். நேரா சொல்லுங்க. அவருக்கு கை போயிடுச்சா?"

"ஓம். உள்ளடி ஒண்டும் வரேல்ல. பலமில்ல," என்றேன்.

"இனி வருமா?"

"எனக்கு நம்பிக்கையில்ல."

ஒரு டொக்டரும் சொல்லத் துணியாததை நான் கதிரையில் சாய்ந்தபடி சொன்னேன். பெனடிக்ட் உள்ளே போய் ஏதோ பேசினார். ஜெரோம் சண்டை போடவில்லை. குச்சிகளைப் பைக்குள் வைத்தார். போகும்போது, சிரமம் கொடுத்துவிட்டேன் அக்கா என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போனார்.

5. தனி மைக்

செவ்வாய்க்கிழமை வத்தளை ட்ரம்மர் வருவதாக ஏற்பாடு. திங்கள் காலை அவருக்காகப் பாட்டைத் தயார் செய்தேன். உள்ளடிகள் எங்கெங்கே வர வேண்டும் என்று குறித்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். அதற்கு ஜெரோமின் டேக்குகளைக் கிளற வேண்டியிருந்தது.

எனக்கு ஒரு பழைய பழக்கம். எந்தப் பெட்டி வந்தாலும், ட்ரம்மரின் தலைக்கு மேலே மைக் ஒன்றைத் தொங்கவிட்டு, அதை நேராகக் கொம்பியூட்டருக்கு அனுப்பித் தனியாகப் பதிந்து வைப்பேன். மொடியூல் வந்த பிறகு அந்த ட்ராக்கைத் திறந்து பார்த்ததேயில்லை. அன்று திறந்தேன். முதல் டேக்கை அந்த ஒரு மைக்கில் மட்டும் போட்டேன்.

எல்லா அடியும் இருந்தது. ஒன்றுகூடக் குறையவில்லை. இடதுகை ஸ்னேரில் மழைத்தூறல் போல நேரம் தப்பாமல் ஓடிக்கொண்டிருந்தது. விழுவதற்கு முன் அந்த மனிதர் எப்படி வாசித்தாரோ அப்படியே. கடைசிக்கு இரண்டு வரி முன்னால் தூரத்தில் ரயில் போகிற சத்தமும் அதில் இருந்தது.

எழுந்து போய் மொடியூலைத் திறந்தேன். ஸ்னேர், திரெஷோல்ட். நானே ஏற்றி வைத்த அளவு அங்கே அப்படியே இருந்தது. ட்ரம்முக்குப் போய்க் குச்சியை எடுத்து மெல்லத் தட்டினேன். ஹெட்போனில் ஒன்றுமில்லை. கொஞ்சம் பலமாகத் தட்டினேன். அப்போதும் இல்லை. என் இரண்டு கையும் நன்றாகத்தான் இருக்கின்றன.

ரயிலை வெளியே நிறுத்த நான் போட்ட தடையில் ஜெரோமும் நின்றுவிட்டார். பிறகு ஐந்து டேக், நல்ல கையை நானே வீங்கப் பண்ணினேன். அதற்குப் பிறகு அந்த வீக்கத்தையே சாட்சியாக வைத்துத் தீர்ப்புச் சொன்னேன்.

ஒரு பிளேன்டீ போட்டுக் குடித்தேன். அந்த நேரத்தில் மனதில் என்ன ஓடியது என்பதையும் எழுதிவிடுகிறேன். அளவை இறக்கிவிட்டு, ஜெரோமுக்குப் போன் எடுத்து, ஒரு வாரம் ஓய்வெடுங்கள், திரும்பவும் பார்ப்போம் என்று சொன்னால் போதும். வருவார், அடிப்பார், எல்லாம் கேட்கும். கை தேறிவிட்டது என்று எல்லாரும் சந்தோஷப்படுவார்கள். சாந்தி அக்காவின் காதில் பிழை என்று கொழும்பில் ஒருவருக்கும் தெரியவராது. இப்படி அரை மணித்தியாலம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய்.

ஆனால் அப்படிச் செய்தால், தன் கை ஒரு சனிக்கிழமை போய்த் திரும்பி வந்தது என்றுதான் அவர் சாகும்வரை நினைப்பார். இன்னொரு நாளும் போகலாம் என்று பயந்துகொண்டே ஒவ்வொரு கலியாண வீட்டிலும் வாசிப்பார். போகாத கைக்கு அந்தப் பயம் எதற்கு. அந்த முதல் டேக்கைப் போனில் ஏற்றிக்கொண்டு, ஸ்டூடியோவைப் பூட்டிவிட்டுப் பஸ் ஏறினேன்.

6. கொட்டாஞ்சேனை

புறக்கோட்டையில் இறங்கி முச்சக்கர வண்டி பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மத்தியானம் ஆகவில்லை. கதவைத் திறந்தது மேரி. என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. வெளியிலேயே நிறுத்திவைத்து, தாழ்ந்த குரலில் சொன்னார். சனிக்கிழமையிலிருந்து அவர் அந்தக் கையால் ஒன்றும் பிடிப்பதில்லையாம். சேர்ட் பொத்தானைக்கூட ஒற்றைக் கையால் போடுகிறாராம். இன்னும் ஏதாவது கெட்டது சொல்ல வந்திருந்தால் தயவுசெய்து போய்விடுங்கள் என்றார். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஜெரோம் முன்னறையில் இருந்தார். இடதுகை காற்சட்டைப் பைக்குள். நான் உட்காரவில்லை. சுற்றி வளைக்கவும் இல்லை.

"ஜெரோம், பிழை உங்கட கையில இல்ல. என்னில. நான் பெட்டியப் பிழையா செட் பண்ணி வச்சிருந்தனான்."

அவருக்கு விளங்கவில்லை. ஆறுதல் சொல்கிறேன் என்று நினைத்து, பரவாயில்லை அக்கா என்றார். நான் போனை எடுத்து, ஹெட்போனை அவர் காதில் வைத்து, தனி மைக்கில் இருந்த முதல் டேக்கைப் போட்டேன். கொஞ்ச நேரம் அசையாமல் கேட்டார். பிறகு பைக்குள்ளிருந்து கை வெளியே வந்தது. வீக்கம் இன்னும் கொஞ்சம் இருந்தது. விரல்கள் முழங்காலில் தட்டத் தொடங்கின. மேரி வாசற்படியிலேயே நின்று அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாட்டு முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி, இது எந்த டேக் என்று கேட்டார். முதலாவது என்றேன். ரயில், திரெஷோல்ட், அவருடைய ஹெட்போனில் ஏன் கேட்கவில்லை என்பது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவருடைய முகம் சிவந்தது. அவர் கோபப்பட்டு நான் கண்டது அன்று மட்டும்தான்.

"ரெண்டு நாளா இந்தக் கைய வெட்டி எறியலாம்னு இருந்திச்சு எனக்கு. தெரியுமா உங்களுக்கு?"

ஹெட்போனை என் கையில் திருப்பித் தந்தார்.

"பெனடிக்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

இல்லை, முதலில் உங்களிடம்தான் வந்தேன் என்றேன். அப்படியென்றால் போனில் வேண்டாம், அவர் வரட்டும், என் முன்னால் சொல்லுங்கள் என்றார். பெனடிக்டின் வீடு இரண்டு தெரு தள்ளி. மேரி கூப்பிட்டதும் சாப்பாட்டுக் கையோடு வந்துவிட்டார். அவருக்கும் முதலிலிருந்து முழுவதையும் சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்தது. பெனடிக்டுக்கு முகத்தில் ஈயாடவில்லை.

"நீங்க சொன்னபடியாத்தான் நம்பினேன் அக்கா," என்றார் கடைசியில். "வேற யாரும் சொல்லியிருந்தா நான் ஏத்திருக்க மாட்டேன்."

இந்தத் தொழிலில் எனக்குக் கிடைத்த மிகப் பெரிய மரியாதை அந்த வார்த்தைதான். அதைக் கேட்டபோது நிலத்துக்குள் போய்விடலாம் போலிருந்தது. பெனடிக்ட் அங்கேயே நின்று வத்தளைக்குப் போன் எடுத்தார். தம்பி, வர வேண்டாம், எங்கள் ஆள் இருக்கிறார் என்று சிங்களத்தில் சொன்னார். ஜெரோம் எங்கள் இருவரையும் பார்க்காமல் சாப்பாட்டுக்குக் கை கழுவப் போனார். மேரி என்னைச் சாப்பிடச் சொல்லவில்லை. அதில் அவர் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை.

7. சரியாக அடித்தது

மணிக்கட்டு வற்றும்வரை காத்திருந்து பதிவைத் தொடர்ந்தோம். திரெஷோல்டை இறக்கி, மைக்குகளின் சத்தத்தைத் திரும்பக் கூட்டினேன். மெல்லிய அடிகளை மைக்குகள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டு, மொடியூலின் சாம்பிளைக் கிக்குக்கும் பலமான ஸ்னேர் அடிகளுக்கும் மட்டும் சேர்த்தேன். அப்போதுதான் அந்தப் பெட்டியின் உண்மையான அழகு தெரிந்தது. தோலின் உயிரும் இருந்தது, நெஞ்சில் இடிக்கிற பலமும் இருந்தது. மொடியூலில் ஒரு பிழையும் கிடையாது, இன்றும் அதைத்தான் பாவிக்கிறேன், யார் கேட்டாலும் வாங்கச் சொல்வேன். ரயில் வந்தால் மட்டும் நிறுத்திவிட்டுப் பிளேன்டீ குடிக்கிறோம்.

இளையவர்களுக்கு நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பெட்டிக்குள் எதை மாற்றினாலும், ஏன் மாற்றினோம் என்று கடதாசியில் எழுதிப் பெட்டியின் மேலேயே ஒட்டுங்கள். ட்ரம்மர் உட்காருவதற்கு முன் நீங்கள் போய் உட்கார்ந்து, அவருடைய ஹெட்போனைப் போட்டு, ஒற்றை விரலால் ஸ்னேரைத் தட்டிப் பாருங்கள். அந்த விரல் உங்களுக்குக் கேட்காவிட்டால், அவருடைய கையைப் பற்றிப் பேச உங்களுக்கு வாயில்லை. எனக்கு இருக்கவில்லை, ஆனாலும் பேசினேன்.

ஐந்து பாட்டுகளை ஜெரோம் இரண்டு நாளில் அடித்து முடித்தார். மிஞ்சியிருந்தது அந்தச் சனிக்கிழமைப் பாட்டு. தனி மைக்கில் இருந்தாலும் அதில் ரயில் சத்தம் இருக்கிறது, சாம்பிளைக் கையால் ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும், திரும்ப அடித்தால் எனக்கு வேலை சுலபம். ஒருதரம் அடித்துவிடுங்களேன் என்று கேட்டேன். அவர் குச்சிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.

"அது சரியா அடிச்சது அக்கா. சரியா அடிச்சத நான் ஏன் திரும்ப அடிக்கணும்?"

ஒவ்வொரு அடியாகச் சேர்க்க எனக்கு நான்கு நாள் எடுத்தது. அல்பத்தில் இருப்பது அந்த முதல் டேக்தான்.